எருமை இடப்பக்கம் திரும்பாது

"இன்னொரு தடவை திருப்பு" என்றார் கொக்கி.

வாலு திருப்பினான். ஹேண்டில் இடப்பக்கம் போனது. வலப்பக்கமும் போனது, கொஞ்சம் கூடுதலாகவே போனது. அதுதான் அவனுக்கு எரிச்சல். ஒரே ஒரு தடவை இது முரண்டு பிடித்துத் தொலைக்கக் கூடாதா என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டே திருப்புகிறான். அதுவோ, விருந்தாளி வந்திருக்கும்போது பிள்ளைகள் இருப்பதுபோல அப்படியொரு அடக்க ஒடுக்கம்.

"மேடம், இதுக்கு மேல திருப்பினா என் கைதான் கழன்று வரும். ஹேண்டில் இங்கேயேதான் இருக்கும்."

"வாயைக் குறைச்சிட்டுத் திருப்பு."

வண்டிக்கு எருமை என்று பெயர். ஏரி மீட்பு நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எட்டுச் சக்கரம், தொட்டி மாதிரி உடம்பு, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஒரு ஹேண்டில். தரையில் ஓடும், சேற்றில் ஓடும், தண்ணீரில் இறக்கினால் சக்கரத்தாலேயே தள்ளிக்கொண்டு நீந்தும். இப்போது பட்டறையில், இரும்பு ஸ்டாண்டுகள் மேல், எட்டுச் சக்கரமும் அந்தரத்தில் தொங்க உட்கார்ந்திருந்தது.

முந்தாநாள் இந்த எருமை ஏரியிலிருந்து கரையேறியது. ஏறியதும் இடப்பக்கம் திரும்பி ஷெட்டுக்குப் போயிருக்க வேண்டும். திரும்பவில்லை. நேரே போய், நிலையத்திலிருந்த ஒரே மீட்புப் படகின் மேல் ஏறி, அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஓட்டியது வாலுவின் அக்கா.

சாயங்காலம் இதை விசாரிக்க அதிகாரி வருகிறார். ஹேண்டில் இறுகிப்போனதுதான் காரணம் என்றால் மெக்கானிக் வேலைக்கு உலை. ஹேண்டிலில் குறையில்லை என்றால் அக்காவின் லைசென்ஸ் போய்விடும். இரண்டில் ஒருவர் வீட்டுக்குப் போவது நிச்சயம். அந்த வீடும் ஒரே வீடுதான். ஏனென்றால் மெக்கானிக் அக்காவின் வீட்டுக்காரர்.

கொக்கிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவர் பேச்சு. எதிராளி எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கியைப் போட்டு இழுப்பார். துப்பறியும் தொழிலில் தலை நரைத்தவர். அவருடைய உதவியாளன் வாலு, தன் அக்காவுக்காக அவர் காலில் விழாத குறையாய்க் கெஞ்சி இங்கே கூட்டிவந்திருந்தான். இந்நேரம் அத்தானின் குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. வெளிப்பட்டதெல்லாம் அவனுடைய வியர்வைதான்.

"போதும், இறங்கு" என்றார் கொக்கி. "உன் அத்தானைக் கூப்பிடு."

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகம் உர்ரென்று இருந்தது.

"பாத்துட்டீங்க இல்ல? இந்த ஹேண்டிலைச் சின்னப் பிள்ளைகூடத் திருப்பும்."

"படகை உடைக்கிறதுக்கு முன்னாடி இதுல கோளாறு ஏதும் இருந்ததா?"

"சின்னதா ஒண்ணு. நான் வெளியூர் வேலையில இருந்தேன். 'வலது பக்கம் சரியாத் திரும்பல'ன்னு இவன் அக்கா போன் பண்ணினா. என்ன பண்ணணும்னு சொன்னேன். பண்ணிட்டேன்னு அப்புறமா சேதி அனுப்பினா. திரும்பி வந்து பாக்கறேன், அந்தக் கோளாறு அப்படியே இருக்கு. பச்சைப் பொய்."

"என்ன பண்ணச் சொன்னீங்க?"

"அவளையே கேளுங்க."

"நான் உங்களைக் கேக்கறேன்."

"மேடம், நாங்க பேசிக்கறதில்லை. வேலை விஷயம்னா ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். நான் சொன்னது என்னன்னு அவ வாயாலயே வரட்டும். அப்பதான் யார் பொய் சொல்றாங்கன்னு தெரியும்."

"வலப்பக்கம் ஹேண்டில் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே?"

"அதைத்தான் சொல்றேன். தொளதொளன்னுதான் இருக்கு. இறுக்கமா இல்லையே! ஹேண்டில் மலை மாதிரி இறுகிப்போச்சுன்னு அவ எழுதிக் குடுத்திருக்கா. எங்க இறுகியிருக்கு? காட்டச் சொல்லுங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு நட்டைத் திருக ஆரம்பித்தார். ஏற்கெனவே திருகி முடித்த நட்டு அது.

"ஆள் பிடி குடுக்க மாட்டேங்கறார். அதுலயே தெரியலையா?" என்றான் வாலு, வெளியே வந்ததும். "இவர்தான் மேடம். வண்டியில ஏதோ பண்ணிட்டு, நாம வர்றதுக்குள்ள சரி பண்ணி வச்சிருக்கார்."

"நீ துப்பறியறியா, பழி தீர்க்கறியா?"

வாலு விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

அக்கா ஓய்வறையில் இருந்தாள். பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சுவர் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல. இடது மணிக்கட்டில் தடிமனாய்க் கட்டு. எட்டு வருஷமாய் இந்த ஏரியில் எத்தனையோ பேரை வெளியே இழுத்துப் போட்ட கை.

"அவர் சொன்னதை அப்படியே செஞ்சேன், மேடம்" என்றாள். "இம்மிகூட மாத்தல. செஞ்சப்புறம்தான் வண்டி இப்படி ஆச்சு. வேணும்னே தப்பா சொல்லியிருக்கார்."

"என்ன சொன்னார்?"

"அவரையே கேளுங்க. சொன்ன வாய் அங்கதானே இருக்கு."

கொக்கி கண்ணை மூடித் திறந்தார். வாலு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, வேலை போகப்போகுது! இப்பவாவது..."

"போகட்டும்டா. பொய் சொல்றேன்னு என்னைச் சொன்னாரு பாரு, அதை அவர் வாபஸ் வாங்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"ஸ்டியரிங்ல எங்கயாவது கை வச்சியாம்மா?" என்று கேட்டார் கொக்கி.

"ஸ்டியரிங்கை நான் தொடவே இல்லை. வேணும்னா எழுதித் தர்றேன்."

"ஏரியில எப்படிப் போச்சு?"

"தண்ணிக்குள்ள நல்லாத்தான் போச்சு. கரையேறினதும் அடம் பிடிக்க ஆரம்பிச்சது. உயிரைக் குடுத்து இழுத்தேன். அசையல."

"அதுலதான் கை சுளுக்கிச்சா?"

"ஆமா."

"இடது கை."

"ஆமா மேடம். பாத்தாத் தெரியலையா?" அக்காவுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

கொக்கி சட்டென்று எழுந்தார். வெளியே வந்து, கரையை நோக்கி விடுவிடுவென்று நடந்தார். வாலு பின்னால் ஓடினான்.

"என்ன மேடம்?"

"இந்த வண்டியில இடது பக்கம் திரும்பணும்னா என்ன பண்ணணும்?"

"ஹேண்டிலை இடது பக்கம் இழுக்கணும். இழுத்தா இடது சக்கரம் நாலுக்கும் பிரேக் பிடிக்கும், வலது நாலும் ஓடும், வண்டி இடது பக்கம் சுத்தும். வலதுக்குப் போகணும்னா அப்படியே மாத்தி. காலையிலேர்ந்து இதையேதானே அத்தான் பாடமா நடத்தினார்."

"உன் அக்கா போன்ல சொன்ன கோளாறு எந்தப் பக்கம்?"

"வலது."

"சுளுக்கின கை?"

"இட..." வாலு நின்றுவிட்டான்.

"அவ இழுத்து இழுத்துப் பாத்தது இடது பக்கம். போன் பண்ணினப்போ இடது பக்கத்துல ஒரு கோளாறும் இல்லை. வலதுல இருந்த நோய்க்கு யாரோ வைத்தியம் பண்ணியிருக்காங்க, இடது படுத்துடுச்சு."

"அத்தான்தான்."

"உன் அத்தான் வெளியூர்ல இருந்தாருடா!"

கரையில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. எருமை ஏறிய தடம் அதில் அச்சுப் போட்டதுபோலக் கிடந்தது. வாலு அதைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். டயர் தடம் டயர் தடம் மாதிரிதான் இருந்தது.

"ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாரு" என்றார் கொக்கி.

பார்த்தான். இடப்பக்கத் தடம் ஒடுக்கமாய், வரிவரியாய், தெளிவாய் இருந்தது. வலப்பக்கத் தடம் பாய் விரித்ததுபோல அகலமாய், மழுங்கிப்போய்க் கிடந்தது.

"ஒரு கால்ல செருப்பு போட்டிருக்கு, ஒரு கால்ல இல்லை" என்றான்.

"முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க. ஸ்டாண்டு மேல ஹேண்டில் நல்லா இருக்கு. தண்ணிக்குள்ள நல்லா இருக்கு. தரைக்கு வந்தா மட்டும் சண்டித்தனம். அப்ப கோளாறு எங்கடா இருக்கும்? நாம காலையிலேர்ந்து வண்டியை அந்தரத்துல தூக்கி வச்சிக்கிட்டு ஹேண்டிலைத் திருப்பிட்டிருக்கோம், முட்டாளுங்க மாதிரி."

"திருப்பினது நான் மட்டும்தான் மேடம்" என்றான் வாலு.

எருமையைக் கீழே இறக்க அத்தான் லேசில் சம்மதிக்கவில்லை. அதிகாரி பார்க்காமல் இறக்கக் கூடாது என்றார். அந்தச் சமயம் பார்த்து அதிகாரியே வந்து சேர்ந்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. உடைந்த படகைத் தாண்டித்தான் அவர் வர வேண்டியிருந்தது. அது அவருடைய கோபத்துக்கு நல்லதாக அமையவில்லை.

"இறக்குங்க" என்றார். "எதையாவது பண்ணி முடிங்க."

இறக்கினார்கள். கொக்கி கைகாட்ட, வாலு ஏறி உட்கார்ந்து கிளப்பினான். பட்டறை வாசலைத் தாண்டியதும் ஹேண்டிலை இடப்பக்கம் இழுத்தான்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தான். காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். காலையிலிருந்து வெண்ணெயாய் இருந்த அதே ஹேண்டில், சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. இழுக்காமல் விட்டாலோ எருமை தானாகவே வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. மைதானத்தில் ஒரு வட்டம் அடித்தான். இன்னொரு வட்டம் அடித்தான். அதிகாரி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"நிறுத்துடா!"

"நிறுத்தத் தெரியும் மேடம்! திருப்பத்தான் தெரியல!"

நிறுத்தி இறங்கியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இறுகித் தொலைத்துவிட்டது! அக்கா பொய் சொல்லவில்லை!

சத்தம் கேட்டு அக்காவும் வாசலுக்கு வந்திருந்தாள். கொக்கி குனிந்து டயர்களை ஒவ்வொன்றாய் அமுக்கினார். எட்டும் அமுங்கின. இந்த வண்டிக்குப் போடுவது பலூன் மாதிரி மெத்து டயர், சேற்றில் புதையாமல் இருக்க. நல்ல நாளிலேயே அது தொப்பை போட்டுத்தான் இருக்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

"காத்து அளக்கிற மீட்டர் குடுங்க" என்று கை நீட்டினார்.

அத்தான் தானே அளந்தார். இடது நாலும் சரியாக இருந்தது. வலது பக்கம் முதல் டயரில் வைத்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். அடுத்ததில் வைத்தார். அவர் முகம் மாறிப்போனது.

"வலது நாலுலயும் காத்தே இல்லை. பேருக்குத்தான் இருக்கு" என்றார். "நாலும் தானா இறங்கியிருக்காது. யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க."

"அதான் ஒரு பக்கம் தரையோட ஒட்டிக்கிட்டு இழுக்குது" என்றார் கொக்கி. "வலது பக்கம் கால் மடங்கின எருமையை இடது பக்கம் திருப்பச் சொன்னா எப்படித் திரும்பும்? அந்தரத்துல தூக்கி வச்சா டயருக்குத் தரையே இல்லை, தெரியாது. தண்ணியில மிதந்தாலும் தெரியாது."

வாலுவுக்கு ரத்தம் கொதித்தது. "யாரோ பிடுங்கி விட்டாங்களாம்! யாருன்னு எனக்குத் தெரியாதா? வெளியூர்லேர்ந்தே ஆள் வச்சுப் பண்ணியிருக்கீங்க, அத்தான். எங்க அக்கா உயிரோட விளையாடி..."

"நான்தான்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் பிடுங்கி விட்டேன். அவர் சொன்னதாலதான்."

"நானா? நான் சொன்னேனா?" அத்தானின் குரல் உடைந்தது. "டயர்ல கை வைன்னு நான் சொன்னேனா?"

"நிறுத்துங்க!" கொக்கி கத்தினார். அவர் கத்தி வாலு கேட்டதே இல்லை. "காலையிலேர்ந்து ரெண்டு பேரும் என் உயிரை வாங்கறீங்க. அவரைக் கேளு, அவளைக் கேளுன்னு. இப்ப ரெண்டு பேரையும் சேர்த்தே கேக்கறேன். போன்ல சொன்னது என்ன? ரெண்டு பேரும் சொல்லுங்க. இப்பவே."

"வலது பக்கம் காத்தை எடுத்துடு!"

சொன்னது இரண்டு பேரும். ஒரே நேரத்தில், எழுத்துப் பிசகாமல்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது வாலுவின் மண்டைக்குள் மெதுவாக இறங்கியது. அவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எந்தக் காத்து?" என்றார் அதிகாரி.

"அதுதான் சார் கேஸே" என்றார் கொக்கி. "இவருக்குக் காத்துன்னா பைப்புல இருக்கிற காத்து. பிரேக் எண்ணெய் போற பைப்புல காத்து மாட்டிக்கிட்டா, ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் அந்தப் பக்கம் பிரேக் சரியாப் பிடிக்காது, வண்டி திரும்பாது. அந்தக் காத்தை வெளிய எடுக்கணும். மெக்கானிக் பாஷையில அது 'காத்தை எடுக்கறது.' சரிதானே?"

அத்தான் தலையாட்டினார். "பக்கத்துல யாரையாவது வச்சுக்கிட்டு எடுத்திருப்பான்னு நினைச்சேன். அவளுக்குத் தெரிஞ்ச வேலைதான்."

"அவ டிரைவர். டிரைவருக்குக் காத்துன்னா டயர்தான். காத்து அடி, காத்தை எடு, காத்தைப் பாரு, எல்லாம் டயர்தான். அதுவும் வலது பக்கம் திரும்பலன்னு சொன்னதுக்கு இந்தப் பதில். வலது டயர்ல காத்தைக் குறைச்சா வண்டி வலது பக்கம் இழுக்கும்னு அவளுக்கும் தெரியும். பொருத்தமாத்தானே இருக்கு?"

"வலது பக்கம் நல்லாவே திரும்பிச்சு" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. "அதான் வேலை முடிஞ்சதுன்னு சேதி அனுப்பினேன். அன்னிக்கு முழுக்க இடது பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே வரல, கரைக்கு வர்ற வரைக்கும்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி. ஒரு படகு போச்சு. யார் மேல நடவடிக்கை எடுக்கறது?"

"என் மேல எடுங்க சார்" என்றார் அத்தான். "எந்தக் காத்துன்னு நான் சொல்லல."

"அவர் மேல எதுக்கு?" என்று அக்கா முன்னால் வந்தாள். "எந்தக் காத்துன்னு நான் கேக்கல. வண்டி என் கையில இருந்தது."

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. பிடுங்கினது நானா, நீங்களா?"

"பிடுங்கச் சொன்னது யாரு?"

"பிடுங்கச் சொல்லலன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னீங்க!"

காலையில் உன் தப்பு, உன் தப்பு என்று எவ்வளவு சூடாய் இருந்தார்களோ, அதே சூட்டில் இப்போது என் தப்பு, என் தப்பு என்று அடித்துக்கொண்டார்கள். அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார்.

"ஏம்மா, எட்டு வருஷமா வண்டி ஓட்டற. 'டயர்லயா, பைப்புலயா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா என்ன? ஏன் கேக்கல?"

அக்காவின் பார்வை புருஷனைத் தாண்டியது, அதிகாரியைத் தாண்டியது, வாலுவிடம் வந்து நின்றது.

"இவன்தான் சார் சொன்னான், என் தம்பி" என்றாள். "அவரா இறங்கி வர்ற வரைக்கும் நீ பேச்சு குடுக்காதக்கா. வேலை விஷயமா போன் பண்ணினாலும், அவர் என்ன சொன்னாலும் சரின்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடு. மேல ஒரு வார்த்தை கேட்டாலும் நீ தோத்த மாதிரின்னு சொன்னான். அதான் சரின்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

மைதானமே வாலுவைப் பார்த்தது. அவன் அக்காவின் நல்லதுக்குத்தான் அதைச் சொன்னான். சத்தியமாய் நல்லதுக்குத்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். படகு கண்ணில் பட்டது. அக்காவின் கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது.

"குற்றவாளியைப் பக்கத்துலயே வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்" என்றார் கொக்கி. அவர் சிரிக்கவில்லை. வாலுவுக்கு அதுதான் அதிகமாய்ச் சுட்டது.

அதிகாரி வண்டிச் சாவியை வாலுவிடமிருந்து வாங்கி அக்காவிடம் நீட்டினார். "வண்டி திரும்பல, நானே கண்ணால பாத்துட்டேன். லைசென்ஸ் உன்கிட்டயே இருக்கட்டும். மெக்கானிக்குக் கண்டிப்புக் கடிதம் வரும், வேலை போகாது. இனிமே போன்ல வைத்தியம் கூடாது. இந்தப் பையன் என் ஆளா இருந்திருந்தா..." முடிக்காமல் போய்விட்டார்.

அத்தான் வலது டயர்களுக்குக் காற்று அடித்தார். அப்புறம் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். பைப்பிலிருந்து காற்றை எடுக்கிற வேலை ஒருவரால் ஆகாது. மேலே ஒருவர் ஹேண்டிலைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் நட்டைத் திறந்து மூட வேண்டும். அக்கா யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்தாள், வலது கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

"முழுசா விடணுமா, பாதியா?"

"முழுசா."

வாலு கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே போகவும் கூச்சமாக இருந்தது, போகாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க, அத்தான்."

"எதுக்கு?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "தெளிவா சொல்லு, மச்சான்."

வாலு இன்னும் கொஞ்சம் குனிந்தான். "உங்க ரெண்டு பேரையும் பேச விடாம பண்ணினதுக்கு. உங்களைக் குற்றவாளின்னு நினைச்சு நாள் முழுக்கச் சுத்தினதுக்கு."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"சரி" என்றார் அத்தான்.

"என்ன சரி?" என்று மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "மன்னிச்சிட்டேன்னு சரியா, காதுல விழுந்ததுன்னு சரியா? முழுசா சொல்லுங்க."